கம்ப்ரஸரைக் கழற்றும் முன்னே!

கத்திரி வெயில் காலத்தில் அசோக் நகர் தூண் பக்கம் போனால், சிக்னலில் நிற்கும் கார்களைக் கவனியுங்கள். பெரும்பாலான கார்களின் கண்ணாடிகள் மூடியிருக்கும். அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடியும். அது எஞ்சினிலிருந்து ஒழுகும் நீர் அன்று. காருக்குள் இருந்த காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகி வெளியேறுகிறது. ஏ.சி. நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

ஒருவர் மட்டும் கண்ணாடியை இறக்கிவிட்டு, முகத்தைத் துடைத்தபடி அமர்ந்திருக்கிறாரா? காரணம் கேட்டால், "கம்ப்ரஸர் போய்விட்டது, தம்பி" என்பார். புதிய கம்ப்ரஸரின் விலை பல ஆயிரம் ரூபாய். ஆகவே, "நாலைந்து போல்ட், ஒரு பெல்ட், இரண்டு குழாய். வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாமே!" என்று உங்கள் மாமாவோ அண்ணனோ ஸ்பேனரோடு கிளம்பக்கூடும்.

மாற்ற முடியுமா? பாதி வேலையை வீட்டில் செய்யலாம். மறு பாதியைச் செய்யவே கூடாது. அந்தப் பாதி எது, ஏன் என்பதை அறிய, முதலில் கம்ப்ரஸர் என்ன செய்கிறது என்று காண்போம்.

குளிரை உண்டாக்குவது யார்?

கையில் சிறிது ஸ்பிரிட்டைத் தடவினால் சில்லென்று இருக்கிறது அல்லவா? ஸ்பிரிட் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தை உங்கள் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கார் ஏ.சி.யும் இதைத்தான் செய்கிறது. அதில் ஓடும் பொருளின் பெயர் ஆர்-134ஏ. மெக்கானிக்குகள் அதைச் சுருக்கமாக 'கேஸ்' என்பார்கள். திறந்த வெளியில் வைத்தால் இது பூச்சியத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் காயிலில் இத்திரவம் குறைந்த அழுத்தத்தில் கொதிக்கிறது. அதற்கான வெப்பத்தைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து பறித்துக்கொள்கிறது. நமக்குக் குளிர்கிறது. ஆனால் ஆவியான பொருளை மறுபடியும் திரவமாக்கினால்தானே திரும்பப் பயன்படுத்த முடியும்? வெளியே 40 டிகிரி வெயில் கொளுத்தும்போது அதை எப்படித் திரவமாக்குவது?

பிரஷர் குக்கரை நினைத்துப் பாருங்கள். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். ஆர்-134ஏ வாயுவை 15 வளிமண்டல அழுத்தத்துக்கு அமுக்கினால், அதன் கொதிநிலை ஏறத்தாழ 55 டிகிரிக்கு உயர்ந்துவிடுகிறது. அப்போது அதைவிட வெளிக்காற்றே குளிர்ந்தது! ஆகவே, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரில் அது தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. பின்னர் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்ணிய துளை வழியே பாய்ந்து, அழுத்தம் குறைந்து, கூலிங் காயிலுக்குத் திரும்புகிறது.

வாயுவை அமுக்கும் வேலைதான் கம்ப்ரஸருடையது. எஞ்சின் சுற்றும்போது பெல்ட் அதன் சக்கரத்தைச் சுற்றுகிறது. ஏ.சி. சுவிட்சைப் போட்டதும், காந்தக் கிளட்ச் 'டக்' என்று பிடித்து உள்ளே உள்ள பிஸ்டன்களை இயக்குகிறது. 1940-ஆம் ஆண்டு மாதிரியாக அமெரிக்காவில் வந்த பேக்கார்டு கார்தான் தொழிற்சாலையிலேயே ஏ.சி. பொருத்தப்பட்ட முதல் கார். அதில் இந்தக் கிளட்ச் கிடையாது. ஏ.சி.யை நிறுத்த வேண்டுமானால், எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டையே கழற்ற வேண்டும்!

நோய் கம்ப்ரஸரில்தானா?

ஏ.சி. குளிரவில்லை என்றவுடன் கம்ப்ரஸர்மீது பழி போடக்கூடாது. குழாய் இணைப்பு ஒன்றில் கசிவு இருந்து கேஸ் குறைந்துபோனால், அழுத்தத்தை அறியும் சுவிட்ச் கிளட்சுக்குப் போகும் மின்சாரத்தைத் தானே நிறுத்திவிடும். காரணம், கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு கலந்தேதான் சுற்றி வருகிறது. கேஸ் குறைந்தால் எண்ணெயும் சரியாகத் திரும்பி வராது. பிஸ்டன்கள் தேய்ந்து இறுகிவிடும். நல்ல கம்ப்ரஸரைக் காப்பதற்காகச் சுவிட்ச் அதை நிறுத்தி வைத்திருக்க, 'கம்ப்ரஸர் போய்விட்டது' என்று புதியது வாங்குவோரும் உண்டு! பியூஸ், ரிலே, கேஸ் அழுத்தம், கிளட்ச் ஆகிய நான்கையும் வரிசையாகச் சோதித்த பிறகே கம்ப்ரஸருக்கு வர வேண்டும்.

குழாயைத் திறந்தால்…

கம்ப்ரஸர்தான் கெட்டது என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போல்ட்டுகளைக் கழற்றுவது கடினமன்று. ஆனால் குழாய்களைத் தளர்த்துவது வேறு கதை. எஞ்சின் ஓடாமல் நிற்கும்போதும், 35 டிகிரி வெப்பத்தில் குழாய்க்குள் ஏறத்தாழ 9 வளிமண்டல அழுத்தம் இருக்கும். தளர்ந்த இணைப்பிலிருந்து திரவம் பீறிட்டு வந்து தோலில் பட்டவுடனேயே கொதிக்கும். பட்ட இடத்தை உறையச் செய்துவிடும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அருகில் நெருப்பு இருந்தால், இந்த வாயு சிதைந்து நச்சு வாயுக்களாக மாறும்.

"முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகத் திறந்துவிட்டால்?" என்று நீங்கள் கேட்கலாம். அப்போது பாதிப்பு நமக்கன்று, வானத்துக்கு. ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறாண்டுக் கணக்கில், சுமார் 1,300 கிலோ கரியமில வாயுவுக்கு நிகராகப் பூமியைச் சூடாக்குகிறது. ஒரு சிறிய காரில் அரைக் கிலோ இருப்பதாகக் கொள்வோம். அப்படியானால் அது 650 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வருவது சுமார் 2.3 கிலோ. வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 280 லிட்டர்! லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால், சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு மூன்று முறை போய்வரும் பெட்ரோல். அத்தனையும் அரை நிமிடத்தில் 'புஸ்' என்று போய்விடுகிறது.

இதே துறையில் உலகம் ஒருமுறை பாடம் கற்றிருக்கிறது. முன்பு கார்களில் ஆர்-12 என்னும் குளோரோ ஃபுளூரோ கார்பன் வாயு இருந்தது. அது ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-இல் மொலினா, ரோலண்ட் என்னும் இரு வேதியியலாளர்கள் எச்சரித்தார்கள். 1987-இல் மாண்ட்ரியால் ஒப்பந்தம் உருவாயிற்று. 1992-இல் இந்தியாவும் சேர்ந்தது. இவ்வாயுக்களைத் தயாரித்த இந்திய ஆலைகளுள் ஒன்று நம் மேட்டூரில் இருந்தது. 2008-இல் நாட்டில் இவற்றின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆர்-12-க்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குகிறது. ஆகவே, இதையும் படிப்படியாகக் குறைக்க 2016-இல் கிகாலி நகரில் உலக நாடுகள் உடன்பட்டன. இந்தியா 2021-இல் அதனை ஏற்று உறுதி செய்தது.

ஆகையால், பழைய கேஸைக் காற்றில் விடாமல் ஒரு சிலிண்டருக்குள் உறிஞ்சிச் சேமிக்க வேண்டும். அதற்கான எந்திரம் நல்ல ஏ.சி. பட்டறைகளில் இருக்கும், வீட்டில் இருக்காது.

ஒரு சொட்டு ஈரம்

அடுத்த எதிரி நம் சென்னைக் காற்று. 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு மாலையில், ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். திறந்த குழாய்களுக்குள் இரண்டு லிட்டர் காற்று புகுந்தால், ஒரு சொட்டு நீர் புகுந்ததற்குச் சமம். ஒரு சொட்டுதானே என்று எண்ணாதீர்கள்! அது எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைத்துவிடலாம். எண்ணெயோடும் கேஸோடும் சேர்ந்து அமிலமாகி, உலோகத்தை அரிக்கவும் கூடும். ஈரத்தோடு புகுந்த காற்றோ கண்டென்சரில் திரவமாகாமல் இடத்தை அடைத்துக்கொண்டு, புதிய கம்ப்ரஸரின் சுமையைக் கூட்டும்.

குழாய்க்குள் இருக்கும் ஈரத்தைத் துணியால் துடைக்க முடியாது. பின் எப்படி வெளியேற்றுவது? இதோ ஒரு சோதனை. ஊசி இல்லாத புதிய பிளாஸ்டிக் சிரிஞ்சில் கால்பங்கு வெந்நீரை எடுங்கள். நீர் சுமார் 70 டிகிரி இருக்கட்டும். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். உள்ளே உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு, நுனியை ரப்பர் மூடியால் அடையுங்கள். இப்போது பிஸ்டனைப் பலமாக இழுங்கள். நீர் குமிழியிட்டுக் கொதிக்கும்! சூடாக்கவில்லை, அழுத்தத்தைத்தான் குறைத்தீர்கள்.

அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் குறைந்தால், 30 டிகிரியிலேயே நீர் கொதிக்கும். பட்டறையில் உள்ள வாக்குவம் பம்பு அதற்கும் வெகு கீழே இறக்குகிறது. அரை மணி, முக்கால் மணி நேரம் அது ஓடும்போது, குழாய்களில் உள்ள ஈரம் கொதித்து ஆவியாகி வெளியேறுகிறது. பம்பை நிறுத்திய பிறகு மானியின் முள் நகராமல் நின்றால், கசிவு இல்லை என்றும் தெரிந்துகொள்கிறோம்.

வேலையைப் பிரித்துக்கொள்வோம்

இனி வரிசையைச் சொல்லலாம். முதலில் பட்டறைக்குப் போய்க் கேஸைச் சேமித்து எடுக்கச் செய்ய வேண்டும். பிறகு வீட்டில் பெரியவர் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெல்ட்டை விலக்கி, பழைய கம்ப்ரஸரை இறக்கலாம். திறந்த குழாய்களின் வாயை உடனே மூட வேண்டும். பழைய கம்ப்ரஸரிலிருந்து வடியும் எண்ணெயை அளந்து பாருங்கள். அதில் உலோகத் துகள்கள் மின்னினால், அவை குழாய்களிலும் பரவியிருக்கும். அவற்றைக் கழுவி அகற்றாவிட்டால் புதிய கம்ப்ரஸரும் விரைவில் பாழாகும். எண்ணெயின் வகையும் அளவும் தயாரிப்பாளர் சொன்னபடியே இருக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும், இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்களையும் கூடவே மாற்றிவிட வேண்டும்.

பொருத்தி முடித்ததும், அன்றைக்கே, ஏ.சி. சுவிட்சைத் தொடாமல் மறுபடி பட்டறைக்கு. வாக்குவம் பிடிப்பதும், பானெட்டுக்கு அடியில் அச்சிட்டிருக்கும் கிராம் கணக்குப்படி கேஸை எடைபோட்டு நிரப்புவதும் அங்கேதான். மின்சாரக் காராகவோ ஹைபிரிட் காராகவோ இருந்தால், ஆரஞ்சு நிற வயர்களைக் கண்டவுடனே ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுங்கள். அங்கே கம்ப்ரஸரை இயக்குவது உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்தம்.

எந்த எந்திரத்திலும் கண்ணுக்குத் தெரியும் போல்ட்டுகளை எண்ணி வேலையின் அளவை முடிவு செய்யாதீர்கள். உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஓடுவது என்ன, அதைத் திறந்தால் அது எங்கே போகும் என்று கேளுங்கள். அந்த இரண்டு கேள்விகளைக் கேட்ட பிறகு ஸ்பேனரை எடுப்பவரே நல்ல மெக்கானிக்.