அழித்தாலும் அழியாத அலாரம்

மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளில் காரின் கூடுகளைப் பற்றவைக்கும் மஞ்சள் நிற யந்திரக் கரங்களைக் கண்டவர்கள் அவற்றின் வேகத்தை வியப்பது இயல்பே. ஆனால், நீண்ட விடுமுறைக்குப் பின் மின்சாரம் கொடுத்த காலையில் கரம் அசையாது நிற்க, கன்ட்ரோலரின் திரையில் ‘எஸ்ஆர்விஓ-062’ என்ற அலாரம் தோன்றி, ரீசெட் பொத்தானை எத்தனை தரம் அழுத்தினாலும் விலகாமல் இருக்கும்போதுதான் அந்த யந்திரத்தின் அந்தரங்கம் நமக்குப் புலப்படத் தொடங்குகிறது.

பியூஜி மலையடிவாரத்தில் ஓஷினோ கிராமத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபானுக் நிறுவனத்தாரின் ரோபோக்களில், மூட்டுகளின் ஸ்தானத்தை நினைவில் வைத்திருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது, அல்லது அதன் கம்பி அறுந்துவிட்டது என்பதே இந்த எண்ணின் பொருள். ஒவ்வொரு மூட்டையும் இயக்கும் மோட்டாரின் பின்புறத்தில் அதன் சுழற்சியை எண்ணும் பல்ஸ்கோடர் ஒன்று உண்டு. பற்சக்கரங்களின் உதவியால் வேகம் குறைக்கப்படுவதால், மூட்டு சிறிதே திரும்புவதற்குள் மோட்டார் பல சுற்றுகள் சுற்றிவிடுகிறது. அந்தச் சுற்றுகளின் கணக்கை, மின்சாரம் நின்றிருக்கும் வேளைகளில் காப்பாற்றுபவை, பல மாதிரிகளில், டார்ச் விளக்குக்குப் போடுவது போன்ற 1.5 வோல்ட் பேட்டரிகள் நான்கே. பேட்டரி தீர்ந்திருப்பது யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் வரையில் தொல்லை தராமல், விடுமுறை கழிந்ததும் வெளிப்படுவதன் காரணமும் இதுவே.

புதிய பேட்டரிகளைப் போட்ட பின்னும் அலாரம் போகவில்லையே என்று பலர் மனம் சலித்து, கன்ட்ரோலரின் அட்டைகளையே மாற்றத் துணிந்துவிடுகிறார்கள். சற்று நிதானித்து யோசித்தால், போன கணக்கு பேட்டரியோடு திரும்பி வராது என்பதும், தன் ஸ்தானத்தை அறியாத கரம் தான் அறியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பது அதன் உத்தம குணம் என்பதும் விளங்கும். இரண்டு மீட்டர் நீண்ட கரத்தில் அரை டிகிரி பிழை நேர்ந்தால், அதன் நுனி சுமார் 17 மில்லிமீட்டர் விலகிப்போகும். பற்றவைக்க வேண்டிய தகட்டின் விளிம்பைத் தாண்டிவிட அதுவே போதும்.

ஆகவே பரிகாரத்தைக் கிரமப்படி செய்யவேண்டும். முதலில் திரையில், மூட்டுகளின் பூஜ்ய நிலையைப் பதிவு செய்வதற்கான மாஸ்டரிங் பகுதிக்குச் சென்று பல்ஸ்கோடர் அலாரத்தை அங்கே நீக்கி, கன்ட்ரோலரை நிறுத்தி மறுபடி இயக்கினால், 062 மறைந்து 075 வரும். அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. மோட்டார் ஒரு முழுச் சுற்றாவது சுற்றி ஸ்தானத்தைத் தெரிந்துகொள்ளட்டும் என்பதே அதன் கோரிக்கை. கரத்தை நகர்த்த உதவும் டீச் பெண்டன்ட் என்ற கருவியைக் கையிலேந்தி, அலாரம் குறிப்பிடும் மூட்டை மெதுவாக நகர்த்திய பின் ரீசெட் செய்தால் அதுவும் நீங்கும். அதன்பின் ஒவ்வொரு மூட்டிலும் பொறித்திருக்கும் இரு கோடுகளும் நேருக்கு நேர் நிற்கும்படி கரத்தைக் கொணர்ந்து, அந்த நிலையையே பூஜ்யமென்று பதிவு செய்வார்கள். கண்ணால் பார்த்துக் கோடு சேர்ப்பதில் நுட்பம் குறைவு. எனவே, பழைய புரோகிராமைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு புள்ளியையும் சரிபார்க்காமல் உற்பத்தியைத் தொடங்குவது பெரும் தவறு என்பேன்.

இத்தனையும் செய்து, சில நாட்களில் அதே அலாரம் திரும்புமானால், பேட்டரிப் பெட்டியிலிருந்து மூட்டுகளுக்குச் செல்லும் கம்பியையும், அதன் கனெக்டர்களில் படிந்த களிம்பையும் பொறுமையாகச் சோதிக்கவேண்டும். ஓயாமல் வளைந்து நிமிரும் கேபிளில் மேலுறை பழுதின்றி இருக்க, உள்ளே கம்பி அறுந்திருப்பது அபூர்வமன்று.

உண்மையில், கம்பி அறுந்தாலன்றி, பேட்டரி தீர்வதால் வரும் சங்கடம் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி நேர்வதில்லை. பேட்டரியின் வோல்டேஜ் குறையும்போதே 065 என்ற எச்சரிக்கை வருகிறது. அப்பொழுதே பேட்டரியை மாற்றிவிட்டால் கணக்கு போகாது. மின்சாதனம் எதையும் தொடுமுன் மின்சாரத்தை நிறுத்தவேண்டும் என்று பழகியவர்கள் இவ்விடத்தில் மட்டும் அதற்கு மாறாக, அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தி வைத்து, கன்ட்ரோலரில் மின்சாரம் இருக்கும்போதே பழைய பேட்டரிகளைக் கழற்றவேண்டும்.