பெட்டிக்குள் தம்பூரா

கருநாடக இசைக்குச் சுருதியே அடித்தளம். தம்பூராவின் நான்கு தந்திகளுக்கும் குதிரைக்கும் இடையே செருகப்படும் 'ஜீவாளி' என்னும் நூலிழைதான் அதன் ரீங்காரத்தை எழுப்புகிறது. ஆயினும் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் தந்தியின் சுருதி மாறும். பயணத்தில் குடம் விரிசலுறும். மீட்டுவதற்கும் ஒருவர் வேண்டும்.

பெங்களூரில் வாழ்ந்த ஜி. ராஜ் நாராயண் புல்லாங்குழல் கலைஞர், பொறியாளரும்கூட. குழலின் தேவையறிந்த அவர், 1979இல் மின்னணுத் தம்பூராவை உருவாக்கினார். அதிலிருந்து வளர்ந்ததே 'ராடெல்' நிறுவனம். பின்னர்த் தாளக்கருவி, மின்னணு வீணை என அதன் தொழில் விரிந்தது.

தந்தியின் உயிர்ப்பு பெட்டியில் இல்லை என்பாரும் உளர், அக்குறை மெய்யே. எனினும், நந்தனத்து வீடொன்றில் வைகறையில் தனியே சாதகம் செய்யும் மாணவி, சுருதி மீட்ட வேறொருவரை எழுப்ப வேண்டுவதில்லை.