கூட்டுக் குடும்பம் இருந்தால் தனிமை வராதா?

“கூட்டுக் குடும்பம் போனதோட எல்லாம் போச்சு.” இளைஞர்களின் தனிமை பற்றிப் பேச்செடுத்தால், பெரியவர்கள் சொல்லும் முதல் காரணம் இதுதான். அது முழு உண்மையா?

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது. 13 முதல் 29 வயதுக்குள் இருப்பவர்களில் 17 முதல் 21 சதவீதம் பேர் தனிமையில் தவிக்கிறார்கள். பணக்கார நாடுகளில் 11 சதவீதமாக இருக்கும் தனிமை, ஏழை நாடுகளில் 24 சதவீதம். பெரிய குடும்பங்கள் அதிகம் இருப்பதோ ஏழை நாடுகளில்தான். வறுமைக்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆனாலும், வீட்டில் தலை கூடினால் தனிமை குறையும் என்ற வாய்ப்பாடு இங்கே பலிக்கவில்லை.

நாம் விரும்பும் உறவுக்கும் நமக்குக் கிடைக்கும் உறவுக்கும் உள்ள இடைவெளிதான் தனிமை என்கிறது உளவியல். அதனால், பத்துப் பேர் உள்ள வீட்டிலும் ஒருவர் தனியாளாக இருக்க முடியும்.

இந்தத் தவிப்பு மூளையிலும் தெரிகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 40 பேரை ஒரு நாள் பத்து மணி நேரம் தனி அறையில் இருக்க வைத்தார்கள். இன்னொரு நாள் பத்து மணி நேரம் பட்டினி போட்டார்கள். பசித்திருந்தபோது உணவின் படத்தைப் பார்த்துத் தூண்டப்பட்ட அதே நடுமூளைப் பகுதி, தனித்திருந்தபின் மனிதர்கள் கூடியிருக்கும் படத்தைப் பார்த்தும் தூண்டப்பட்டது. 2020இல் இந்த முடிவு வெளியானது.

அப்படியானால் குடும்ப அமைப்பில் நாம் இழந்தது எதை? விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் முறையைப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கும். கரைத்த களிமண் கூழைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் படிகிறது. மிச்சக் கூழை வடித்து, அச்சைப் பிரித்து, ஒட்டு வரியைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைக்கிறார்கள். கை வேலையில் இருக்க, வாய்க்குத் தடை இல்லை. இளசும் பெரிசும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், அப்பாவிடம் சொல்ல முடியாததைக்கூட யாரிடமாவது சொல்லிவிடலாம்.

வீட்டில் அந்த ‘யாராவது’ பெரும்பாலும் சித்தியாகவோ மாமாவாகவோ இருந்தார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள்தான். தாயும் தந்தையும் ஒற்றைப் பிள்ளைகள் என்றால், அவர்களின் குழந்தைக்குச் சொந்த மாமாவும் கிடையாது, அத்தையும் கிடையாது. எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழ் திரும்பி வந்தாலும், பிறக்காத உறவு எங்கிருந்து வரும்?

இனி அந்த இடத்தை வீட்டுக்கு வெளியேதான் நிரப்ப வேண்டும்: வேலை கற்றுத்தரும் மூத்தவர், விளையாட்டுப் பயிற்சியாளர், பக்கத்து வீட்டு அக்கா. வேலைக்காகச் சென்னைக்கு ரயிலேறிய பிள்ளை போனில் பேசும்போது, “சாப்பிட்டியா?” என்று கேட்கிறோம். கூடவே, “அங்க யார்கிட்ட மனசு விட்டுப் பேசுற?” என்றும் கேட்கலாம்.