புகையிலையின் பெயர் பூண்ட உயிர்ச்சத்து

இரசாயனம் எமது துறையன்று. சொல்வழியே பொருளைத் தேடும் தமிழாசிரியராகிய எமக்கு, பெயரால் அஞ்சத்தக்கதாயும் பயனால் விரும்பத்தக்கதாயும் தோன்றிய பொருள் ஒன்றுண்டு. அதுவே நிக்கொற்றினமைட்டு.

புகையிலை நஞ்சாகிய நிக்கொற்றினை 1867 ஆம் ஆண்டில் ஒட்சியேற்றி ஓர் அமிலத்தைப் பெற்றனர். அவ்வமிலத்தின் அமைட்டே இப்பொருள். ஐந்து காபன் அணுக்களும் ஒரு நைதரசன் அணுவும் இயைந்த அறுகோண வளையத்தோடு அமைட்டுக் கூட்டம் இணைந்தமையால் ஆயது. வெண்ணிறப் பளிங்குத் தூள், கைப்புச் சுவையுடையது, நீரில் எளிதிற் கரைவது, ஏறக்குறைய 130 பாகை செல்சியசில் உருகுவது. புகையிலையின் நச்சுக்குணம் இதற்கில்லை.

ஈரல், இறைச்சி, மீன், நிலக்கடலை, காளான், மதுவம் ஆகியவற்றில் இதுவேனும் இதன் அமிலமேனும் உண்டு. உணவிலிருந்து உடல் சத்தியைப் பெறுதற்கு உதவும் துணைநொதியத்தில் இஃது ஓர் உறுப்பாகும்.

இது குறையின் பெலகரா என்னும் நோய் தோன்றும். தோல் கருகி வெடிக்கும், வயிறு கழியும், அறிவு மயங்கும், ஈற்றில் உயிரும் நீங்கும். ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதி ஏழைகளை இந்நோய் வாட்டிய காலத்தில், இது தொற்றுநோயென்றே பலரும் கருதினர். 1914 இல் ஆராயப் புகுந்த யோசேப்பு கோல்ட்பேகர் என்னும் மருத்துவர் ஒன்றை நோக்கினார். விடுதிகளில் நோயாளர் வருந்த, அவரோடு பழகும் பணியாளரை நோய் பற்றவில்லை. தொற்றாயின் பணியாளரை மட்டும் விடுமோ? சோளத்தையே பெரிதும் உண்டோர்க்குப் பாலும் முட்டையும் இறைச்சியும் அளிக்க, நோய் அகன்றது. ஐயுற்றோரைத் தெளிவிக்க, நோயாளரின் குருதியைத் தம் உடலிலேயே அவர் ஏற்றிக்கொண்டார். 1929 இல் அவர் மறைந்தார். 1937 இல் எல்வெகெம் என்பார் ஈரலிலிருந்து இவ்வமைட்டைப் பிரித்தெடுத்து, நாய்களின் கருநாக்கு நோயை இஃது அகற்றுமெனக் காட்டியபோதே உண்மை முற்றும் விளங்கிற்று.

இந்நாளில் இது செயற்கை முறையில் ஆக்கப்பட்டு, உயிர்ச்சத்து மாத்திரைகளிலும் தோற்பூச்சுக்களிலும் சேர்க்கப்படுகின்றது. எனினும் மிகையாக உண்ணல் தகாது.

சோளத்திலும் இச்சத்து உண்டு. ஆயின் உடல் கொள்ளவியலாதபடி கட்டுண்டு கிடக்கும். மெக்சிக்கோவின் பழங்குடியினர் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்தமையால் அக்கட்டு அவிழ்ந்தது. சோள விதையைக் கடல்கடந்து கொண்டுசென்றோர் அச்சமையலைக் கற்றுச் சென்றாரில்லை. மாணாக்கர்களே, முன்னோர் அடுக்களையிலும் ஆராயத்தக்கன உள என்பதை மறவாதீர்கள்.