தோட்டத்து ஆலையும் பசுமை எரிசக்தியும்

சென்ற ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற ‘ஐஜெம்’ எனும் பசுமைத் தொழில்நுட்பக் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கண்காட்சி அது. சூரியத் தகடுகளையும் மின்சாரக் கார்களையும் பார்ப்பதில் தம்பிக்கு ஆர்வம். அம்மாவுக்கு உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும். அப்பா மட்டும் ஒரு கூடத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டார். அங்கே ஒரு கண்ணாடிக் குடுவையில் செம்பனைக் கொட்டையின் ஓடுகளை நிரப்பி, எதிர்கால எரிபொருள் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

“இதத்தாம்மா நாங்க ராத்திரி பகலா பாய்லர்ல தள்ளுனோம். இதுக்கு இப்படியெல்லாம் பேரு இருக்கா?” என்றார் அப்பா.

வட சிலாங்கூரில் ஒரு செம்பனை ஆலையின் கொதிகலன் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர் அவர். புதுப்பிக்கத்தக்க எரிசக்தியைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பாடங்கள் எடுத்த நான், அவரிடம் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அடுத்து வந்த விடுமுறையில் கோலா சிலாங்கூருக்குப் புறப்பட்டோம். போகும் வழியில் அவர் சொல்லிக்கொடுத்ததையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பெயரில் தமிழ் ஒலிக்கும் தோட்டம்

பெஸ்தாரி ஜெயாவை இன்றும் நம்மவர்கள் பலர் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கிறார்கள். 2007ஆம் ஆண்டில்தான் பெயர் மாறியது. அங்கேதான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கு செம்பனையைப் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை நடப்பட்டது அதுவே முதல் முறை. அதற்கு முன்பு அது அழகுக்காக வளர்க்கப்பட்ட மரமாகவே இருந்தது. ஃபோகோனியே பின்னாளில் மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து நாவல் எழுதி, 1930ஆம் ஆண்டில் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார் என்பதும் குறிப்பிடத்தக்கது. நாட்டின் மிகப் பெரிய பயிர்த்தொழில் தொடங்கிய இடத்தின் பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது. ஆனால், இதை அறிந்தவர்கள் நம்மிடையே மிகக் குறைவு.

ஆலைக்குள் நடப்பது என்ன?

ஒரு டன் பழக்குலையை ஆலைக்குள் அனுப்பினால் கிடைக்கும் எண்ணெய் ஏறக்குறைய 200 கிலோதான். மீதியில் வெற்றுக் குலை, நார், ஓடு, கழிவுநீர் எல்லாம் அடங்கும். நாரும் ஓடும் கொதிகலனுக்குப் போகின்றன. அவற்றை எரிப்பதால் உண்டாகும் நீராவி முதலில் சுழலியைச் சுற்றி மின்சாரம் தருகிறது. அதோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. சுழலியிலிருந்து வெளிவரும், அழுத்தம் குறைந்த அதே நீராவிதான் ஏறக்குறைய 140 பாகை வெப்பத்தில் பழக்குலைகளை வேகவைக்கிறது. ஒரே நெருப்பு மின்சாரமும் தருகிறது, சமையலும் செய்கிறது. அதனால் ஆலை ஓடுவதற்கு வெளியிலிருந்து எரிபொருள் வாங்க வேண்டிய தேவை மிகக் குறைவு.

“நார் மட்டும் போட்டா சட்டுனு எரிஞ்சி போயிரும். ஓடு நெறைய போட்டா கங்கு கட்டி அடைச்சிக்கும். ரெண்டையும் கலக்குற அளவு கைக்குத் தெரியணும்” என்றார் அப்பா. ஓட்டில் உள்ள கனிமங்கள் அதிக வெப்பத்தில் உருகிப் படிவதைத்தான் அவர் கங்கு கட்டுவது என்கிறார். இதை நான் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுவதும் படித்திருக்கிறேன். அவரோ மூன்று வாக்கியங்களில் சொல்லி முடித்துவிட்டார்.

அந்த மின்சாரம்தான் எங்கள் லயத்துக்கும் வந்தது. ஆலை நின்றால் விளக்கும் நின்றுவிடும். அன்று மண்ணெண்ணெய் விளக்கில்தான் வீட்டுப்பாடம் எழுதுவோம்.

குளமும் வாடையும்

அம்மாவின் நினைவில் இருப்பதோ வேறு. “குளத்து வாடை காத்துல வந்தா, காயப்போட்ட துணியிலகூட அதுதான் அடிக்கும். நீங்க விளக்கப் பத்திப் பேசுறீங்க” என்றார்.

அம்மா சொன்னதிலும் பெரிய உண்மை உண்டு. ஒரு டன் பழக்குலைக்கு முக்கால் டன் வரை கழிவுநீர் வெளியாகும். அது சூடாகவும் பழுப்பு நிறமாகவும் எண்ணெய்ப் பிசுக்கோடும் இருக்கும். அதை அப்படியே ஆற்றில் விடக் கூடாது என்று 1977ஆம் ஆண்டிலேயே விதிமுறைகள் வந்தன. எனவே, ஆலைகள் வரிசையாகக் குளங்களை வெட்டி அதில் தேக்கின. காற்றுப் படாத ஆழத்தில் நுண்ணுயிரிகள் கழிவைத் தின்று மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. குளத்தில் எழும் குமிழிகள் அந்த வாயுதான். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைக் காட்டிலும் ஏறக்குறைய 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கக்கூடியது மீத்தேன்.

குளத்தை மூடி அந்த வாயுவைப் பிடித்தால் என்ன ஆகும்? ஒரு நாளைக்கு 300 டன் பழக்குலை அரைக்கும் ஆலையில் சுமார் 200 கன மீட்டர் கழிவுநீர் வெளியாகிறது என்று கொள்வோம். ஒரு கன மீட்டர் கழிவுநீருக்கு ஏறக்குறைய 28 கன மீட்டர் உயிர்வாயு கிடைக்கும். அதில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் மீத்தேன். அதை இயந்திரத்தில் எரித்தால் சுமார் 12,000 அலகு மின்சாரம் எடுக்கலாம். மாதம் 300 அலகு பயன்படுத்தும் வீடு என்று கணக்கிட்டால், ஒரு நாள் கழிவு ஏறக்குறைய 1,200 வீடுகளுக்கு ஒரு நாள் மின்சாரம் தரும். எங்கள் லயத்தில் இருந்தவை நாற்பது வீடுகளே. அன்றைய எங்கள் பள்ளிக்கூடம், கோயில், மருந்தகம் எல்லாவற்றுக்கும் விளக்குப் போடக்கூடிய சக்தி, வாடையாகி எங்கள் துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இது வெறும் கனவன்று. உலு சிலாங்கூரில் உள்ள ஃபெல்டா சுங்கை தெங்கி ஆலையில், கழிவுநீரிலிருந்து எடுத்த வாயுவைத் தூய்மைப்படுத்தி, அழுத்தி அடைத்துத் தொழிற்சாலைகளுக்கு எரிபொருளாக அனுப்பும் திட்டம் 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமும் அதில் பங்கெடுத்தது. புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் 2011ஆம் ஆண்டில் வந்த பிறகு, இத்தகைய மின்சாரத்தைப் பொது மின்தொடருக்கு விற்கவும் வழி பிறந்தது.

ஆற்றங்கரையில்

மாலையில் கம்போங் குவாந்தான் சேர்ந்தோம். இருட்டியதும் படகில் ஏறினோம். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைந்தன. ஆண் பூச்சிகள் பெண் பூச்சிகளை அழைக்கும் ஒளி அது. தொட்டால் சுடாத ஒளி.

இந்தப் பூச்சியின் புழுக்கள் ஆற்றோர ஈர மண்ணில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரையை வெட்டிச் செம்பனை நட்டாலோ ஆற்று நீர் கெட்டாலோ மரம் மட்டும் நின்று பயனில்லை. மேலே ஒரு ஆலை தன் குளத்தை எப்படிப் பராமரிக்கிறது என்பதற்கும் கீழே இந்த விளக்கு எரிவதற்கும் தொடர்பு உண்டு. எரிசக்தி பசுமையானதா என்பதை இயந்திரத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதன் அருகில் வாழ்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அப்பா ஓய்வு பெற்ற மாதமே லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினோம். ஊருக்கு விளக்குப் போட்டவருக்கு, ஐம்பத்தைந்து வயதில் சொந்தமாக ஒரு சுவர்கூட இல்லை. அவருடைய கொதிகலன் சான்றிதழ் இன்னும் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கிறது.

நம் பெற்றோர் செய்தது இன்று உலகம் மதிக்கும் தொழில்நுட்பமாகிவிட்டது. உயிர்வாயு நிலையங்களுக்கும் சூரிய மின் நிலையங்களுக்கும் பொறியாளர்களும் தொழில்நுட்பர்களும் தேவைப்படுகிறார்கள். தோட்டப்புறத்திலிருந்து வந்த மாணவர்கள் இத்துறையைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு முன்பாக, வீட்டில் ஒரு பழைய ஆலைத் தொழிலாளி இருந்தால் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.

திரும்பும் வழியில் தம்பி கேட்டான்: “அப்பா, அந்தக் கலக்குற அளவு எவ்வளவுப்பா?”

அப்பா வீடு வரும்வரை அதைச் சொல்லிக்கொண்டே வந்தார்.