447 வயதில் இடம் மாறிய மதுக்கடை!

கோவையைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்கிறோம். அசல் மான்செஸ்டர் இங்கிலாந்தில் இருக்கிறது. பஞ்சாலைகளால் உலகப் புகழ் பெற்ற நகரம் அது. ஆலைகள் தோன்றுவதற்கு முன்பே அங்கே கட்டப்பட்ட மரவீடு ஒன்று இன்றும் நிற்கிறது. ஆனால், முதலில் நின்ற இடத்தில் அல்ல!

'ஓல்டு வெலிங்டன்' என்னும் மதுக்கடைதான் அது. சந்தைத் திடலில் 1552-ம் ஆண்டு கட்டப்பட்டது. கறுத்த மரச்சட்டங்கள், இடையே வெள்ளைச் சுவர்கள். 1554-ல் பைரம் குடும்பத்தார் அதை வாங்கினார்கள்.

சுருக்கெழுத்து தந்தவர்

அக்குடும்பத்தில் 1692-ல் பிறந்தவர் ஜான் பைரம். கவிஞர், ஆங்கிலச் சுருக்கெழுத்து முறை ஒன்றை வகுத்தவர். பிட்மன் தமது முறையை வெளியிட்டது 1837-ல்தான். சுருக்கெழுத்தை நம்பிப் பம்பாய்க்கு ரயிலேறிய தமிழர்கள் எத்தனை பேர்! அவர்கள் அறிய வேண்டிய பெயர் இது.

1830-ல் அங்கே மது விற்க உரிமம் கிடைத்தது. 1940-ல் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசியதில் சுற்றுப்புறம் பெரும்பாலும் அழிந்தது. வீடு தப்பியது.

4 அடி 9 அங்குலம்

பாதுகாக்கப்பட்ட கட்டிடங்களின் பட்டியலில் அது இரண்டாம் தரத்தில் உள்ளது. அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ கூடாது. எனவே 1970-களில் சுற்றிலும் புதிய வணிக வளாகம் எழுந்தபோது, அடியில் கான்கிரீட் தளம் அமைத்து, வீட்டை அப்படியே 4 அடி 9 அங்குலம் உயர்த்தினார்கள்!

1996 ஜூன் 15. அயர்லாந்து தீவிரவாதிகள் நகர மையத்தில் நிறுத்திய லாரியில் சுமார் 1,500 கிலோ வெடிபொருள் வெடித்தது. 200-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர், உயிர்ச்சேதம் இல்லை. மதுக்கடை சேதமடைந்தது, பழுது பார்த்து மறுபடி திறந்தார்கள்.

நகரைச் சீரமைத்தபோது புதிய கடைத்தெருவுக்கு அந்த இடம் தேவைப்பட்டது. வீட்டைப் பிரித்தெடுத்து, சுமார் 300 மீட்டர் தள்ளி, தேவாலயத்தின் அருகே மீண்டும் பூட்டினார்கள். 1999-ல் கடை திறந்தது.

இடம் மாறிய பின் அது பழைய வீடுதானா? நியாயமான கேள்விதான். இடமா, வீடா என்று வந்தபோது மான்செஸ்டர் வீட்டைத் தேர்ந்தெடுத்தது. ஊர் விட்டு ஊர் வந்து கால் ஊன்றியவர்களுக்கு இந்த விடை புதிதல்ல.