உஷார்! ஆர்.சி. இல்லாத பழைய பைக்கா? அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்!

நில்லுங்கள். பணம் எடுக்கப் போன கையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

பழைய புல்லட், ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், ஆர்.எக்ஸ். 100... எதுவாக இருந்தாலும் சரி. "வண்டி பக்கா தம்பி. புக்கு மட்டும்தான் இல்ல, அதைப் பிறகு எடுத்துக்கலாம்" என்று விற்பவர் சொன்னால் அங்கேயே திரும்பி நடந்துவிடுங்கள். பிறகு எடுக்க முடியாது. பெரும்பாலானவர்களுக்கு முடியவே முடியாது. "நான் எடுத்துத் தர்றேன்" என்று பணம் வாங்குகிறவர் உங்கள் தலையில் கட்டுவது ஒரு கிரிமினல் வழக்கு.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

கொங்குப் பக்கம் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், பிள்ளை இன்னும் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறான். மில்லில் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, இரும்புக்கடையில் கிடந்த ஒரு யெஸ்டியின் சேஸிஸும் இன்ஜினும் வாங்கினான். டேங்க் ஒரு ஊரில் கிடைத்தது, இரட்டை சைலன்சர் இன்னொரு ஊரில். மீதியைத் தேடிச் சென்னை புதுப்பேட்டை வரை போய் வந்தான். கிக்கரும் கியரும் ஒரே லீவரில் இருக்கும் அந்த வண்டியை உயிர்ப்பிக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் இப்போது குறைவு. அப்படி ஒருவரையும் தேடிப் பிடித்தான். குரோம் ஏற்றி, பெயின்ட் அடித்து, கோடு இழுத்து, வண்டி புதுப்பெண் மாதிரி நின்றது. எல்லாம் முடிந்த பிறகுதான் ஆர்.சி. எனும் பதிவுப் புத்தகத்தின் ஞாபகம் வந்தது.

அந்த வரிசைதான் தப்பு. முதலில் பேப்பர், அப்புறம்தான் ஸ்பேனர்!

புரோக்கர் ஒருவர் வந்தார். "அதே மாடல், அதே வருஷம், ஒரிஜினல் புக்கு நம்ம கையில இருக்கு. அந்த வண்டி எப்பவோ உடைச்சுப் போட்டாச்சு. நம்பரை மட்டும் மாத்தி அடிச்சுட்டா உங்க வண்டிதான் அது. ஓனர் நேர்லயே வந்து கையெழுத்துப் போடுவாரு" என்றார். பணம் கைமாறியது. ஒரு லேத்துப் பட்டறையில் சேஸிஸ் கழுத்தில் இருந்த எண்ணைத் தேய்த்து, புத்தகத்தில் இருந்த எண்ணை அடித்தார்கள். மேலே பெயின்ட். பெயர் மாற்றமும் ஆகிவிட்டது. பிள்ளை ஒரு வருடம் நிம்மதியாக ஓட்டினான்.

பதிவைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. ஆர்.டி.ஓ. ஆபீசில் பிரேக் இன்ஸ்பெக்டர் பெயின்டைச் சுரண்டி, காகிதத்தை வைத்து, சேஸிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்தார். எண்கள் வரிசையாக நிற்கவில்லை. ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம். கம்பெனி அடித்த எழுத்தின் சாயலே இல்லை. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். விஷயம் போலீசுக்குப் போய், அங்கிருந்து தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போனது.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கவனமாகக் கேளுங்கள். இரும்பில் எண்ணைக் குத்தும்போது மேலே தெரியும் பள்ளம் மட்டும் உண்டாவதில்லை. அதற்குக் கீழே உள்ள உலோகமும் நசுங்கி இறுகிவிடுகிறது. மேற்பரப்பைத் தேய்த்தாலும் அந்த இறுக்கம் உள்ளே நிற்கும். அமிலக் கரைசல் தடவினால் நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் வேறு வேறு விதமாக அரிபட்டு, பழைய எண் மெல்ல மேலே எழுந்து வரும். இந்தப் பையனின் வண்டியில் எழுந்து வந்த எண், வேறு மாவட்டத்தில் பல வருடங்களுக்கு முன் திருட்டுப்போன வண்டியுடையது. புகார் அப்படியே உயிரோடு இருந்தது.

புரோக்கரின் போன் அன்றிலிருந்து ஸ்விட்ச் ஆஃப். பதிவு யார் பெயரில்? பையன் பெயரில். ரசீது? இல்லை. அவன் அம்மா தாலிச்செயினை அடகு வைத்துத்தான் வக்கீலுக்குக் கொடுத்தார். வண்டி ஸ்டேஷன் வாசலில் மழையில் நிற்கிறது.

"தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்களா?" என்று கேட்பீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. எண்ணைத் தேய்த்தவன் தெரியாது என்று எந்த வாயால் சொல்வான்? மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவையும் பாருங்கள். பொய்யான ஆவணம் கொடுத்துப் பெற்ற பதிவு, அல்லது சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போகாத வண்டியின் பதிவு ரத்தாகும். போட்ட பணமும் போச்சு, உழைப்பும் போச்சு.

சரி, இத்தனை பழைய வண்டிகள் ஏன் பேப்பர் இல்லாமல் திரிகின்றன? எல்லாமே திருட்டு இல்லை, அதையும் சொல்ல வேண்டும். திருவொற்றியூரில் 1950களின் நடுவிலிருந்து புல்லட் வந்தது. மைசூரில் 1961 முதல் ஜாவாவும் பிறகு யெஸ்டியும் வந்தன. அந்தத் தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. அந்தக் காலத்து ஆர்.சி. கையால் எழுதிய சின்னப் புத்தகம். ஆபீஸ் பதிவேடும் கையெழுத்துதான். 1989க்கு முந்தைய எம்.எஸ்.எக்ஸ்., எம்.டி.எக்ஸ். என்ற மூன்றெழுத்து எண்களில் பல கம்ப்யூட்டருக்குள் ஏறவில்லை. தாத்தா போனார், புத்தகத்தைக் கரையான் தின்றது, வண்டி மட்டும் மிஞ்சியது. நேர்மையான வண்டிகள் இப்படி நிறையக் கிடப்பதால்தான் திருட்டு வண்டி அவற்றுக்கு நடுவே ஒளிந்துகொள்ள முடிகிறது. "தாத்தா வண்டிங்க, புக்கு தொலைஞ்சுடுச்சு" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம் அல்லவா?

வலை விரிக்கும்போது என்னென்ன சொல்வார்கள் தெரியுமா? இந்த வார்த்தைகள் காதில் விழுந்தால் உஷார்!

"புதுசாவே ரிஜிஸ்டர் பண்ணிடலாம்ணே." முடியாது! புதுப் பதிவுக்கு விற்பனைச் சான்றான படிவம் 21 வேண்டும். தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்றான படிவம் 22 வேண்டும். 1996இல் கதவை மூடிய தொழிற்சாலையின் வண்டிக்கு யார் வந்து கையெழுத்துப் போடுவார்கள்? உங்கள் மெக்கானிக்கா?

"டூப்ளிகேட் ஆர்.சி. போட்டுடலாம்." படிவம் 26. அதைப் பதிவில் பெயர் உள்ள உரிமையாளர்தான் கேட்க முடியும். புத்தகம் தொலைந்தது என்று போலீசில் பதிந்திருக்கவும் வேண்டும். அந்த உரிமையாளர் யார், எங்கே என்று சொல்லாமல் டூப்ளிகேட் பற்றிப் பேசுகிறவர் கையெழுத்தைப் போலியாகப் போடப் போகிறார்.

"போலீஸ் ஏலத்துல எடுத்தது." "மிலிட்டரி டிஸ்போசல் வண்டி." ஏல உத்தரவை உங்கள் கண்ணால் பாருங்கள். அதில் இந்த வண்டியின் சேஸிஸ் எண் இருக்கிறதா? ஓட்டுகிற வண்டியாக விற்றார்களா, வெறும் இரும்பாக எடை போட்டு விற்றார்களா? இரும்பாக விற்றது இரும்புதான்!

"வெளி ஸ்டேட் வண்டி, என்.ஓ.சி. வந்துக்கிட்டே இருக்கு." வரட்டும். வந்த பிறகு பணம் கொடுக்கலாம்.

"இப்பவே முடிச்சுட்டா இந்த விலை, நாளைக்கு வேற பார்ட்டி வருது." இதற்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பேப்பர் உள்ள வண்டி என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள், போதும்.

வாயால் சொல்லாத அடையாளங்களும் உண்டு. ஹேண்டில் கழுத்தில், எண் இருக்கும் இடத்தில் மட்டும் பெயின்ட் தடிமன். தொட்டுப் பார்த்தால் பட்டி பூசிய மேடு. சுற்றிலும் சொரசொரப்பு, எண் இருக்கும் இடம் மட்டும் மழமழப்பு. கழுத்தை ஒட்டிப் புது வெல்டிங். இன்ஜின் கேஸில் எண் அடிக்கும் இடம் வெறுமையாக இருப்பது. பெயின்டைச் சுரண்டிப் பார்க்கலாமா என்று கேட்டால் விற்பவர் முகம் மாறுகிறதா? மாறினால் டீ கூடக் குடிக்காமல் கிளம்புங்கள்.

இன்னொரு குழப்பம் இப்போது வேகமாகப் பரவுகிறது. "வின்டேஜ் கோட்டாவில் போட்டுடலாம், கவர்மென்ட்டே சட்டம் கொண்டுவந்திருக்கு" என்கிறார்கள். பாதி உண்மை, அதனால்தான் அதிக ஆபத்து! 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டி விதிகளைக் கொண்டுவந்தது நிஜம். ஆனால் முதல் பதிவிலிருந்து 50 வயது தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், இன்ஜின் என்று எதிலும் பெரிய மாற்றம் செய்யாத அசல் உருவில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து ஆண்டுக்குச் செல்லும். இறக்குமதி வண்டி என்றால் சுங்க ஆவணம் கேட்பார்கள். இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் என்ன கேட்பார்கள்? பழைய ஆர்.சி.! இல்லாத அதே புத்தகம்தான்! அதுவும் கிடைத்துப் பதிந்துவிட்டாலும் தினமும் வேலைக்கு ஓட்ட முடியாது; கண்காட்சி, வின்டேஜ் ரேலி, பெட்ரோல், பழுது பார்ப்பது போன்ற காரணங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். ஆர்.எக்ஸ். 100 பைத்தியங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: அது 1985இல் வந்த வண்டி. முதல் வண்டிக்கே 2035இல்தான் 50 வயது ஆகும். டூ ஸ்ட்ரோக் சத்தம் எத்தனை இனிமையாக இருந்தாலும் விதி அதைக் கேட்காது.

"நான் ஊருக்குள்ளேயே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டிக்கிறேன்மா" என்று மகன் கெஞ்சுகிறானா? விடாதீர்கள்! பதிவில்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி பிடிபட்டால் ஓராண்டு வரை சிறைக்கும் வழி இருக்கிறது. வண்டியைப் பிடித்து வைக்க 207ஆம் பிரிவு இருக்கிறது. இதெல்லாம்கூடப் போகட்டும். தெருவில் ஒரு குழந்தை குறுக்கே ஓடினால்? பதிவில்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடையாது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் தொகை முழுவதும் உங்கள் தலையில். வீட்டுப் பத்திரம் வரை போகும். செல்லுபடியான பதிவில்லாமல் ஓட்டியது அடிப்படை விதிமீறல் என்பதால், பாலிசி இருந்தும் வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று 2014இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்படியும் ஆசை விடவில்லையா? ஒரே ஒரு நேர்வழி இருக்கிறது. மெதுவான வழி. சேஸிஸ் எண், இன்ஜின் எண், நம்பர் பிளேட் எண் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எம்-பரிவாகன் செயலியில் பாருங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே சான்றும் எடுக்கலாம். அதில் இல்லை என்பதால் மட்டும் சுத்தமான வண்டி என்று துள்ளிவிடாதீர்கள், பழைய புகார்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்திருக்க வேண்டும் என்பதில்லை. பிறகு, முதலில் பதிவான ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நேரில் போய்ப் பழைய பதிவேட்டில் உரிமையாளர் யார் என்று விசாரியுங்கள். அவர் கிடைத்தால் கையைக் காலைப் பிடித்தாவது டூப்ளிகேட் ஆர்.சி.க்கு விண்ணப்பிக்க வையுங்கள். அது வந்த பிறகு படிவம் 29, 30. அவர் இறந்திருந்தால் வாரிசுகள் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கி, படிவம் 31இல் முதலில் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பதிவில் கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் நிற்கிறதா? அவர்கள் கையெழுத்தோடு படிவம் 35 வேண்டும். கம்பெனி இழுத்து மூடியிருந்தால் அது தனித் தலைவலி.

இதில் ஏதாவது ஒரு கண்ணி அறுந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். பேப்பர் உள்ள வேறு வண்டி வரும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பதற வேண்டாம். ஆனால் இன்றிலிருந்து ஓட்டாதீர்கள். எண்ணில் கை வைக்காதீர்கள். வேறொரு ஏமாளிக்கு விற்றுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், அப்போது விற்றவர் இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். ரசீது, போன் மெசேஜ், பணம் அனுப்பிய ஆதாரம், வாங்கியபோது எடுத்த போட்டோ எதையும் அழிக்காதீர்கள். எண் தேய்த்த தடமோ திருட்டுப் பதிவோ தெரிந்தால், போலீஸ் உங்களைத் தேடி வருவதற்கு முன் ஒரு வக்கீலோடு நீங்களே ஸ்டேஷனுக்குப் போங்கள்.

கடைசியாக, வீட்டில் பழைய வண்டியை இரும்புக்கடைக்குப் போடப் போகிற அம்மாக்களுக்கு. அந்தப் பையனிடம் விற்ற புத்தகம் இப்படி ஒரு வீட்டிலிருந்து கிளம்பியதுதான். கடைக்காரர் "புக்கு இருந்தா ரெண்டாயிரம் சேர்த்துத் தர்றேன்மா" என்றால் கொடுக்கவே கொடுக்காதீர்கள்! பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த எண்ணில் ஓடும் எவனோ ஒருவன் யாரையோ இடித்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வண்டியை உடைக்கக் கொடுத்த 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்து, ஆர்.சி. புத்தகத்தை ஒப்படைத்து, பதிவை ரத்து செய்யச் சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.